விடுபட்டவர்களின் கணக்கு

அரசின் உணவுத் திட்டங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், 'கார் வைத்திருப்பவருக்கு எதற்கு ரேஷன் அரிசி?' என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. நியாயமான கேள்விதான். வரிப்பணம் எல்லோருடையது. அது பசித்தவருக்குப் போகாமல் வசதியானவருக்குப் போனால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை தேடிய நாடுகளில் என்ன நடந்தது என்று பொருளியல் ஆய்வாளர்கள் நாற்பது ஆண்டுகளாக அளந்துவந்திருக்கிறார்கள். கார் வைத்திருப்பவரை விலக்குவதற்காகப் போட்ட வடிகட்டியில் கார் வைத்திருப்பவரைவிட, குடிசையில் இருப்பவரே அதிகம் சிக்கினார் என்பதுதான் அந்த அளவீடுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. உணவு உதவியில் வேண்டாதவர் உள்ளே வருவதால் ஏற்படும் இழப்பைவிட, வேண்டியவர் வெளியே நிற்பதால் ஏற்படும் இழப்பு பெரியது. ஆகவே அரசுகள் முதலில் குறைக்க வேண்டியது இந்த இரண்டாவது இழப்பையே என்பது என் வாதம். அதற்கான சான்றுகளையும், அதற்கு எதிராக நிற்கும் சான்றுகளையும் உங்கள் முன் வைக்கிறேன்.

ஜியோவானி கோர்னியா, பிரான்சஸ் ஸ்டூவர்ட் என்ற இரு பொருளியலறிஞர்கள் 1990-களின் தொடக்கத்தில், பல நாடுகளின் உணவு மானியங்களை ஒப்பிட்டு, இதில் இரண்டு வகைப் பிழைகள் நேர்கின்றன என்று பிரித்துக் காட்டினார்கள். தேவையில்லாதவருக்கு உதவி போவது ஒன்று. தேவையுள்ளவருக்குப் போகாமல் இருப்பது மற்றொன்று. அரசுகளும் உலக வங்கி போன்ற நிறுவனங்களும் முதல் பிழையையே பார்க்கின்றன, இரண்டாவதைக் கண்டுகொள்வதில்லை என்பது அவர்கள் சொன்ன குறை. இதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் காரணமல்ல. பதிவேட்டில் இருப்பவரைத்தான் தணிக்கை செய்ய முடியும். தகுதியில்லாமல் அரிசி வாங்கியவரின் பெயர், அட்டை எண், வாங்கிய தேதி எல்லாம் ஏட்டில் இருக்கின்றன. ஓர் அதிகாரி நினைத்தால் ஒரே நாளில் ஆயிரம் பேரைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டுவிடலாம், அது மறுநாள் செய்தியாகவும் வரும். அட்டையே கிடைக்காதவருக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. அவர் பசியோடு வேலைக்குப் போகிறார், அவர் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது; இவை எந்தத் துறையின் செலவுக் கணக்கிலும் ஏறுவதில்லை. முதல் பிழை பணமாக எண்ணப்படுகிறது. இரண்டாவது பிழை எண்ணப்படுவதே இல்லை. ஒப்பிட்டால் முதலாவதே பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

இந்தியாவில் 1997 ஜூன் வரை பொது விநியோகம் கொள்கை அளவிலாவது எல்லோருக்குமானதாக இருந்தது. அந்த ஆண்டு மத்திய அரசு மக்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என இரண்டாகப் பிரித்தது. கீழே இருப்பவருக்கு ஒரு விலை, மேலே இருப்பவருக்கு வேறு விலை. காகிதத்தில் இது மிக எளிமையானது. யார் கீழே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? 2002-இல் கிராமங்களில் நடந்த கணக்கெடுப்பின் படிவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அதில் 13 கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ஏழை. ஆளுக்கு எத்தனை உடுப்பு இருக்கிறது என்பது ஒரு கேள்வி: இரண்டுக்கும் குறைவென்றால் பூஜ்யம், பத்தும் அதற்கு மேலும் என்றால் நான்கு. ஆண்டின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒருவேளைச் சாப்பாடுகூட முழுதாகக் கிடைக்கவில்லை என்றால் பூஜ்யம்; இரண்டு வேளை கிடைத்து எப்போதாவது தட்டுப்பாடு வந்தால் மூன்று. வெட்டவெளிக்குப் போகிறவருக்குப் பூஜ்யம், சொந்தக் கழிப்பறை இருந்தால் நான்கு. பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் வேலைக்குப் போனால் பூஜ்யம்; வேலைக்குப் போகாமல் பள்ளிக்குப் போனால் நான்கு.

இந்தக் கடைசி இரண்டு கேள்விகளை யோசித்துப் பாருங்கள். அரசின் ஒரு துறை 'கழிப்பறை கட்டு' என்கிறது, இன்னொரு துறை 'பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு' என்கிறது. இரண்டையும் கேட்டு நடந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு எட்டு மதிப்பெண் கூடுகிறது. அந்த எட்டே அவர்களைப் பட்டியலிலிருந்து தள்ளப் போதும். பட்டினி கிடப்பவரையும் சட்டை எண்ணிக்கையையும் ஒரே தராசில் கூட்டிக் கழிப்பதில் எந்த அளவியல் நியாயமும் இல்லை என்று அப்போதே பல ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதோடு, ஒவ்வொரு மாநிலத்திலும் ஏழைகள் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்குத் திட்டக் குழுவின் மதிப்பீட்டை ஒட்டி முன்கூட்டியே உச்சவரம்பும் விதிக்கப்பட்டிருந்தது. கணக்கெடுப்பவர் கண்ணெதிரே கண்ட ஏழைக்கும் அந்த வரம்பு நிரம்பிவிட்டால் இடமில்லை. இத்தனைக்கும் வறுமை என்பது ஒரு குடும்பத்தின் நெற்றியில் நிலையாக எழுதப்பட்டிருப்பதல்ல. அனிருத் கிருஷ்ணா பல ஆயிரம் குடும்பங்களின் வரலாற்றைக் கேட்டு எழுதிய ஆய்வுகள், ஒரு பெரிய நோயும் அதற்கான மருத்துவக் கடனும் ஒரு குடும்பத்தை எவ்வளவு விரைவாகக் கீழே தள்ளுகின்றன என்று காட்டின. ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கும் பட்டியல், நேற்று விழுந்த குடும்பத்தை எப்படி அறியும்?

விளைவை அளந்தார்கள். ஜான் டிரேஸ், ரீதிகா கேரா இருவரும் 2004-05 காலத்து மூன்று தனித்தனி தேசியக் கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தபோது, மூன்றும் ஒரே முடிவைக் கூறின: கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழ பாதிக்கு வறுமைக் கோட்டு அட்டை இல்லை. பாதி என்பதைக் கவனியுங்கள். ஏழைகளுக்கென்றே வடிவமைத்த திட்டம், ஏழைகளில் இரண்டு பேரில் ஒருவரைத் தவறவிட்டது. அதே காலத்தில் திட்டக் குழுவின் மதிப்பீட்டுப் பிரிவு 2005-இல் வெளியிட்ட அறிக்கை, மானிய தானியத்தில் 58 சதவீதம் உரிய குடும்பங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்றது. ஏழைக்கு ஒரு ரூபாய் சேர்க்க அரசு 3 ரூபாய் 65 காசு செலவழிக்கிறது என்றும் கணக்குச் சொன்னது. இந்த எண்களைப் படித்த பலர், பொது விநியோகத்தையே மூடிவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். எனக்கு அந்த முடிவு தலைகீழாகத் தோன்றுகிறது. அந்த அறிக்கை அளந்தது பிரித்துக் கொடுத்த திட்டத்தை. பிரிக்காமல் கொடுத்த திட்டத்தின் தோல்வியாக அதைப் படிக்க முடியாது.

பிரிக்காமல் கொடுத்த ஒரு நாடு பிரித்துக் கொடுக்க மாறினால் என்னவாகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே, தமிழரும் வாழும் நாட்டில், ஒரு தெளிவான சான்று இருக்கிறது. இலங்கையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942-இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, போருக்குப் பின்னும் எல்லோருக்கும் தொடர்ந்தது. அது மக்களிடம் எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதை 1953 காட்டியது. பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து என்ற அளவைக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசு உயர்த்தியபோது, ஆகஸ்ட் 12 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலக நேர்ந்தது. 1970-களின் நடுவில் உணவு மானியம் அரசின் மொத்தச் செலவில் 15 சதவீதத்தை எட்டியது. 1977-இல் வந்த அரசு, முதலில் 1978 ஜனவரியில் பங்கீட்டைக் கீழ்ப் பாதி மக்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. 1979 செப்டம்பரில் பங்கீட்டையே எடுத்துவிட்டு, அந்தப் பாதி மக்களுக்கு உணவு முத்திரை, அதாவது உணவு வாங்குவதற்கான சீட்டு, கொடுத்தது. செலவு குறைந்தது. 1984-க்குள் அது அரசுச் செலவில் 3 சதவீத அளவுக்கு இறங்கியது. நிதியமைச்சகத்தின் பார்வையில் இது வெற்றி.

ஆனால் முத்திரையின் மதிப்பு ரூபாயில் அச்சிடப்பட்டிருந்தது. விலைவாசி ஏறியது, முத்திரை ஏறவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அதன் வாங்கும் திறன் ஏறக்குறைய பாதியாகக் கரைந்தது. புதிதாகச் சேர விரும்பியவர்களுக்கு 1980-இலேயே கதவு சாத்தப்பட்டது. சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனத்துக்காக நெவில் எதிரிசிங்க 1987-இல் எழுதிய ஆய்வு, மக்கள்தொகையில் மிக ஏழையான 20 சதவீதத்தினர் உட்கொண்ட கலோரி இந்த மாற்றத்துக்குப் பின் ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்ததைப் பதிவு செய்தது. ஏழைகளுக்காக என்று சொல்லித் திட்டத்தைச் சுருக்கினார்கள்; சுருக்கிய பின் குறைவாகச் சாப்பிட்டவர்கள் அந்த ஏழைகளே. 1953-இல் தெருவுக்கு வந்தவர்கள் 1980-களில் ஏன் வரவில்லை? நாட்டின் ஒடுக்குமுறைச் சூழல் உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஒரு காரணம் திட்டத்தின் அமைப்புக்குள்ளேயே இருந்தது: பங்கீடு சுருங்கியபோது, குரல் உள்ள நடுத்தர வகுப்பு அதிலிருந்து வெளியேறிவிட்டது. முத்திரையின் மதிப்பு தேய்ந்ததில் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

இங்கே நான் எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தைச் சொல்ல வேண்டும். ரேமா ஹன்னா, பெஞ்சமின் ஓல்கன் இருவரும் 2018-இல் இந்தோனேசியா, பெரு நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். அரசிடம் குறிப்பிட்ட அளவு பணம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அதை எல்லோருக்கும் சமமாகப் பகிர்வதைவிட, பிழைகள் நிறைந்த பட்டியலைக் கொண்டாவது ஏழைகளுக்குக் கொடுப்பது மொத்த நலனை அதிகமாக்குகிறது என்பது அவர்கள் முடிவு. பத்துப் பேருக்கு ஆளுக்கு நூறு ரூபாய் கொடுப்பதைவிட, ஏழைகள் என்று கருதப்படும் நான்கு பேருக்கு இருநூற்றைம்பது கொடுத்தால், அந்த நான்கில் ஒருவர் தவறான ஆளாக இருந்தாலும், ஏழைக்குப் போகும் தொகை கூடுகிறது அல்லவா? கணக்கில் பிழையில்லை. பிழை இருப்பது அந்தத் தொகை மாறாது என்ற அனுமானத்தில். ஜோனா கெல்பாக், லாண்ட் பிரிட்செட் இருவரும், நிதி ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பது வாக்களிக்கும் மக்கள்தான் என்று கொண்டு ஒரு மாதிரியை அமைத்துக் காட்டினார்கள். நடுத்தர வகுப்புக்கு எந்தப் பயனும் இல்லாத திட்டத்துக்கு அவர்கள் ஆதரவு தரமாட்டார்கள்; ஆதரவு போனால் ஒதுக்கீடு சுருங்கும்; இறுதியில் ஏழைக்குக் கிடைப்பது முன்பிருந்ததைவிடக் குறையலாம். ஏழைகளுக்கு மட்டுமேயான திட்டங்கள் தரத்திலும் ஏழ்மையானவையாகவே முடிகின்றன என்ற கருத்தை அமர்த்தியா சென்னும் வலியுறுத்தியிருக்கிறார். இலங்கையின் முத்திரை இதற்குக் கண்கண்ட சான்று.

தமிழ்நாடும் இதே பாடத்தை எதிர்ப்பக்கத்திலிருந்து காட்டியது. 1997-இல் மத்திய அரசு பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மறுத்தது. கூடுதல் செலவைத் தானே ஏற்றது. 2000-களின் தொடக்கத்தில் ஒருமுறை மட்டும், மாதம் 5,000 ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ள குடும்பங்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி அவர்களை விலக்கப் பார்த்தார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சி இங்கே ஓர் இடம்கூடப் பெறாமல் தோற்றதும், அந்த முத்திரை கைவிடப்பட்டது. அதற்குப் பிறகு அரிசி விலை 2006-இல் 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று இறங்கியதே தவிர ஏறவில்லை. எல்லோருக்கும் சொந்தமான திட்டத்தில் கைவைக்க எந்த ஆட்சிக்கும் துணிச்சல் வரவில்லை. இதை வாக்கு அரசியல் என்று குறைசொல்பவர்கள் உண்டு. ஏழையின் வாக்கும் ஆசிரியரின் வாக்கும் ஒரே கடை வரிசையில் நின்றதால் ஏழையின் அரிசி காப்பாற்றப்பட்டது என்றால், அந்த அரசியலை நான் வரவேற்கிறேன்.

பட்டியல் போடாமலே வசதியானவர் ஒதுங்குவதற்கும் இங்கே ஒரு வழி இருந்தது, இருக்கிறது. அரிசி வேண்டாம் என்பவர் சர்க்கரை கார்டு வாங்கிக்கொள்ளலாம். எதுவுமே வேண்டாம், முகவரிச் சான்றாக இருந்தால் போதும் என்பவருக்கு அதற்கென்று தனி அட்டை உண்டு. யாரும் யாருடைய வீட்டிலும் சட்டையை எண்ணவில்லை. ரேஷன் அரிசியைச் சமைத்துச் சாப்பிட விரும்பாத குடும்பம் தானே விலகிக்கொள்கிறது. அடுத்த ஆண்டு வேலை போனால் திரும்பி வர வழியிருக்கிறது. டிரேஸும் கேராவும் 2009-10 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து, பொது விநியோகம் கிராமப்புற வறுமையின் ஆழத்தை எவ்வளவு குறைக்கிறது என்று கணித்தார்கள். அகில இந்திய அளவில் அது 18 முதல் 22 சதவீதம். தமிழ்நாட்டில் 61 முதல் 83 சதவீதம். கடத்தல், கசிவு போன்றவற்றிலும் இதே இடைவெளிதான்: 2004-05-இல் நாடு முழுவதும் பாதிக்கு மேல் தானியம் கடை வாசலைத் தாண்டுமுன் மறைந்தபோது, இங்கே மறைந்தது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இதற்கு முழுப் பெருமையையும் எல்லோருக்கும் என்ற கொள்கைக்கே கொடுத்துவிட நான் தயாராக இல்லை. இங்கே கடைகளைப் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துகின்றன. தனியார் முகவரின் லாபக் கணக்கு குறுக்கே வருவதில்லை. சத்தீஸ்கர் 2004-இல் கடைகளைத் தனியாரிடமிருந்து எடுத்து ஊராட்சிகளிடமும் மகளிர் குழுக்களிடமும் கொடுத்து, பின் அட்டைகளையும் விரிவாக்கியபோது, அங்கும் கசிவு பாதியிலிருந்து பத்தில் ஒன்றாக இறங்கியது. நிர்வாகமும் வேண்டும், விரிவும் வேண்டும். விரிந்த திட்டத்தில் கடை மூடியிருந்தால் கேட்க ஆளிருக்கிறது என்பதால், ஒன்று மற்றொன்றுக்குத் துணையாகிறது.

அடுத்த எதிர்வாதம் சற்று நுட்பமானது. உதவி பெறுவதைக் கொஞ்சம் கடினமாக்குங்கள்; உண்மையில் தேவையுள்ளவர் மட்டும் அந்தச் சிரமத்தைத் தாங்கி வருவார், மற்றவர் வரமாட்டார் என்பது அது. 1982-இல் நிக்கல்ஸ், செக்ஹவுசர் இருவரும் இதைக் கோட்பாடாகவே எழுதினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஏமி ஃபிங்கல்ஸ்டீன், மேத்யூ நோட்டோவிடிக்டோ இருவரும் நடத்திய சோதனை இதற்கு ஓரளவு ஆதரவாகவே இருக்கிறது. உணவு உதவிக்குத் தகுதியிருந்தும் சேராத முதியோரில், சும்மா விடப்பட்டவர்களில் 6 சதவீதம் பேர் ஒன்பது மாதத்தில் சேர்ந்தார்கள். கடிதம் போட்டுத் தெரிவித்தபோது 11 சதவீதம். படிவம் நிரப்பவும் உதவியபோது 18 சதவீதம். இப்படிப் புதிதாகச் சேர்ந்தவர்கள், தாமாகவே சேர்ந்தவர்களைவிடச் சற்று வசதியானவர்கள் என்பதும் தெரிந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அவர்கள் எல்லோரும் சட்டப்படி தகுதியுள்ள ஏழை முதியோர். ஒரு கடிதமும் ஒரு தொலைபேசி உதவியும் இல்லாததால் விடுபட்டிருந்தவர்கள். தடை இன்னும் கடுமையானால் படம் மாறிவிடுகிறது. வர்ஜீனியா மாநிலத்தில் வேலை பார்த்தால்தான் உணவு உதவி என்ற நிபந்தனையை ஆய்வு செய்தவர்கள், அது பாதித்த வயதினரிடையே பயனாளிகள் எண்ணிக்கை 53 சதவீதம் சரிந்ததைக் கண்டார்கள். வேலைக்குப் போவோர் எண்ணிக்கை கூடியதற்குத் தடயம் இல்லை. மற்றவர்களைவிட அதிகமாக விழுந்தவர்கள் வீடில்லாதவர்கள்.

நம் நாட்டில் அந்தத் தடை ஒரு சிறிய கருவியின் வடிவில் வந்தது. கடைக்காரர் முன்னால் ஒரு பிஓஎஸ் மெஷின்; அதில் விரலை வைத்தால் ஆதாரோடு ஒத்துப்போக வேண்டும்; ஒத்துப்போனால்தான் எடை போடுவார். கல் உடைத்தும் நாற்று நட்டும் ரேகை தேய்ந்த விரலை அந்தக் கருவி ஏற்காது. சிக்னல் இல்லாத ஊரில் யாருடைய விரலையும் ஏற்காது. ஜார்க்கண்டில் 2016-17-இல் இது வந்தபோது, கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் மூவரும் சீட்டுக் குலுக்கல் முறையில் பகுதிகளைத் தேர்ந்து ஒப்பிட்டு அளந்தார்கள். இவர்கள் கைரேகை அடையாளத்தின் எதிரிகள் அல்லர். ஆந்திரத்தில் ஊதியப் பட்டுவாடாவில் அது நன்றாக வேலை செய்ததைக் காட்டியவர்கள். ஜார்க்கண்டில் கைரேகை மட்டும் கசிவைக் குறைக்கவில்லை. மக்களின் அலைச்சல் கூடியது. ஆதாரை முன்பே இணைக்காதிருந்த 23 சதவீதக் குடும்பங்களுக்குக் கிடைத்த பொருளின் மதிப்பு 10 சதவீதம் குறைந்தது. திருடனைப் பிடிக்க வைத்த பூட்டு, சாவி தொலைந்த வீட்டுக்காரரையே வெளியில் நிறுத்திவிட்டது. தமிழ்நாட்டுக் கடைகளிலும் இன்று அதே கருவிதான். ரேகை விழாத முதியவருக்குப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்கும் விலக்கு, கடைக்காரரின் நல்ல மனதைப் பொறுத்ததாக இல்லாமல் எழுதப்பட்ட உரிமையாக இருக்க வேண்டும். எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீடு தேடிப் பொருள் கொண்டுபோகும் 'தாயுமானவர்' திட்டத்தை 2025-இல் அரசு தொடங்கியதை, இந்தத் திசையில் எடுத்து வைத்த சரியான அடி என்று கருதுகிறேன்.

இந்தோனேசியாவின் அண்மை அனுபவத்தையும் என் எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டும். அங்கே ஏழைகளுக்கென்று ஒதுக்கிய அரிசியை ஊர்த் தலைவர்கள் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்துவந்தார்கள். அதை மின்னணு வவுச்சராக மாற்றி, பட்டியலில் உள்ளவர் கையிலேயே முழு அளவும் சேரச் செய்தபோது, அவர்களுக்குக் கிடைத்த உதவி 46 சதவீதம் கூடியது; கீழ்மட்ட 15 சதவீதக் குடும்பங்களிடையே வறுமை 20 சதவீதம் குறைந்தது. அபிஜித் பானர்ஜியும் ஹன்னாவும் ஓல்கனும் சக ஆய்வாளர்களும் பெரிய அளவில் நடத்திய ஆய்வு இது. இதை ஏற்கத்தான் வேண்டும். அரைகுறையாகப் பங்கிடப்பட்ட சிறு அளவு அரிசியைவிட, முழுதாகச் சேரும் வவுச்சர் மேல். ஆனால் வவுச்சரின் மதிப்பு விலைவாசியோடு சேர்ந்து ஏறுமா, பத்தாண்டு கழித்தும் அந்தப் பட்டியல் இன்றைய ஏழையைக் காட்டுமா என்பவை அந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே இருக்கும் கேள்விகள். இலங்கையிலும் முதல் ஆண்டு முத்திரை ஒழுங்காகத்தான் வேலை செய்தது.

அரிசி மட்டும் கொடுத்தால் ஊட்டம் வந்துவிடுமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் இருவரும் சீனாவில் நடத்திய சோதனையில், அரிசிக்கும் கோதுமைக்கும் மானியம் கொடுத்தும் ஊட்டம் கூடவில்லை. தானியத்தோடு நின்றுவிடக் கூடாது. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் தமிழ்நாட்டு ரேஷன் கடைக்கு வந்தது அதனால்தான் முக்கியமானது. இந்த இடத்தில் நம் வாதத்துக்கு வலுவான துணை, பள்ளிக் குழந்தையின் தட்டிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1 அன்று விரிவாக்கப்பட்ட சத்துணவிலும், உச்ச நீதிமன்றத்தின் 2001 ஆணைக்குப் பின் நாடெங்கும் பரவிய மதிய உணவிலும், அரசுப் பள்ளிப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளையிடம் அப்பாவின் வருமானச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை. அபிஜீத் சிங், ஆல்பர்ட் பார்க், ஸ்டீபன் டெர்கான் ஆந்திரத்தில் செய்த ஆய்வு, வறட்சியில் உடல் தளர்ந்த சிறு குழந்தைகள் மதிய உணவால் அந்த இழப்பை ஈடுசெய்ததைக் காட்டியது. சுமன் சக்ரவர்த்தி குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு தலைமுறை தள்ளிப் பார்த்தது: பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்கள் தாயானபோது, அவர்களுடைய குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேலாக இருந்தார்கள். 2006-க்கும் 2016-க்கும் இடையே இந்தியக் குழந்தைகளின் உயரத்தில் ஏற்பட்ட முன்னேற்றத்தில் 13 முதல் 32 சதவீதம் வரை இந்தத் திட்டத்தோடு தொடர்புடையது என்பது அவர்கள் மதிப்பீடு.

அமெரிக்காவில் 1961 முதல் 1975 வரை மாவட்டம் மாவட்டமாக உணவு முத்திரை நுழைந்த வரிசையைப் பயன்படுத்தி ஹிலரி ஹோயின்ஸ், டயான் ஷன்சன்பாக், டக்ளஸ் ஆல்மண்ட் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. சிறு வயதில் அந்த உதவி கிடைத்த பகுதியில் வளர்ந்தவர்களுக்கு, நடுத்தர வயதில் உடல்பருமன், ரத்த அழுத்தம், நீரிழிவு சேர்ந்த கோளாறு குறைவாக இருந்தது. ஐந்து வயதுக்குள் தவறிய உணவு ஐம்பது வயதில் மருத்துவச் செலவாக வருகிறது என்றால், ஒரு ஏழைக் குழந்தையைத் தவறவிடுவதன் விலையை ஒரு மூட்டை அரிசியின் விலையோடு சேர்த்து எடைபோட முடியாது. வசதியான வீட்டுக்குப் போன 20 கிலோ அரிசி ஒரு செலவு. அடுத்த மாதம் நிறுத்திவிட்டால் செலவும் நிற்கும். வளர வேண்டிய வயதில் வளராத உயரம் அப்படித் திரும்பி வராது.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாடு உணவு மானியத்துக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிடுகிறது. பெரிய தொகைதான். அதில் கணிசமான பகுதி, மத்திய அரசின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 3 கோடியே 64 லட்சம் பேரை மட்டுமே கணக்கில் கொள்வதால், மற்றவர்களுக்காக மாநிலம் தன் கையிலிருந்து போடுவது. நாடு முழுவதற்கும் அந்தச் சட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்து 81 கோடிச் சொச்சம் பேரோடு நின்றுவிட்டது. பதினைந்து ஆண்டுகளில் மக்கள்தொகை வளர்ந்தது, எண் வளரவில்லை. இதனால் 10 கோடிக்கு மேற்பட்டோர் சட்டத்தின் நிழலுக்கு வெளியே இருக்கிறார்கள் என்று டிரேஸ், கேரா, மேகனா மூவரும் 2020-இலேயே கணித்தார்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்தவர்களில் 8 கோடிப் பேருக்கு ரேஷன் அட்டை இல்லை என்று தெரிந்ததும், அவர்களுக்கு அட்டை வழங்கும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 ஆதார நாளாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் எண்கள் வந்து, ஒதுக்கீடு மாறி, அட்டை அச்சாகிக் கைக்கு வருவதற்குள், இன்று பிறக்கும் குழந்தைக்கு ஊட்டம் மிகவும் தேவைப்படும் முதல் ஆயிரம் நாட்கள் முடிந்திருக்கும். மக்கள்தொகை மதிப்பீடுகளை வைத்து ஆண்டுதோறும் ஒதுக்கீட்டை உயர்த்த எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை. அதைச் செய்யச் சொல்லி மாநிலங்கள் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, ரேஷன் கடைகளில் சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்கிறது. கடையின் இருப்பு, வழங்கிய எடை, போலி அட்டை ஆகியவற்றைத்தான் வழக்கமாக அந்தத் தணிக்கை பார்க்கிறது. உங்கள் ஊரில் அது நடக்கும்போது, கடைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். பதிவேட்டில் இல்லாத வீடுகளை எழுதுங்கள்: செங்கல் சூளைக்கு வந்த குடும்பம், கணவரைப் பிரிந்து தாய் வீட்டில் தனி அட்டை இல்லாமல் இருக்கும் பெண், பெயர் நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்படாத முதியவர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஏன் விடுபட்டார் என்ற காரணத்தையும் எழுதி, அந்தப் பட்டியலைக் கிராம சபையில் படிக்கச் சொல்லுங்கள்.